வெயில் காலத்துப் பின்னலும் கொல்லைப்புற மாமரமும்

"இந்த வெயிலில் யாராவது ஸ்வெட்டர் பின்னுவார்களா?"

இந்தக் கோடையில் மட்டும் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். கேட்கும்போது முகத்தில் ஒரு பரிதாபம் வேறு. கொல்லைப்புறத்தில் மாமர நிழல், நாற்காலி, மடியில் பாதி முடிந்த ஸ்வெட்டர் கை, பக்கத்தில் கிண்ணம் நிறைய நறுக்கிய பழம், இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவருக்குப் பொறாமைதானே வர வேண்டும்? பரிதாபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். பின்னலுக்கு ஏற்ற காலம் கோடைதான், குளிர்காலம் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. நடுத்தரக் கனமுள்ள நூலில் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 20 கண்ணி (ஊசியில் நூலை வளைத்து எடுக்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 28 வரிசை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது உள்ளங்கை அளவு துணிக்கு 560 கண்ணி. சுற்றளவு 100, உயரம் 60 என்றால் உடம்புப் பகுதி மட்டுமே 33,600. இரண்டு கைகளையும் கழுத்தையும் சேர்த்தால் 50,000 தாண்டிவிடும். தினம் வேலை முடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அப்புறம் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் இதைப் பின்ன வேண்டும். குளிர ஆரம்பித்த பிறகு ஊசியைத் தேடி எடுப்பவர்களின் ஸ்வெட்டர் எப்போது முடியும்? வெயில் வந்த பிறகுதான். முடித்து, மடித்து, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைக்கலாம். நானும் இரண்டு வருடம் அப்படிச் செய்த ஆள்தான்.

அடுத்தது, "பின்னல் என்பதே குளிர்நாட்டுக் கைவேலை" என்று ஒரு வாதம். இது தப்பு, ஆனால் ரொம்ப நம்பிக்கையோடு சொல்லப்படும் தப்பு. இரண்டு ஊசிப் பின்னலில் இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. காலம் 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் என்கிறார்கள். காலுறைகள், அதுவும் பருத்தியில். வெள்ளை நூலும் அவுரி நீலமும் கலந்து பட்டை பட்டையாக நேர்த்தியாக இருக்கும். இதைவிடப் பழைய காலுறைகளும் எகிப்தில் கிடைத்திருக்கின்றன, செருப்பு வாருக்காகப் பெருவிரலைப் பிரித்துச் செய்தவை. பார்த்தால் பின்னல் போலவே இருக்கும், ஆனால் அவை ஒற்றை ஊசியில் நூலை முழுதாக இழுத்து இழுத்து முடிந்த வேறு வகை வேலை. ஆக, பாலைவன வெயிலில் உட்கார்ந்து பருத்தி நூலில் பின்னிய கைகள்தான் நமக்குத் தெரிந்த மூத்த கைகள். நான் நிழலில் வேறு இருக்கிறேன்.

சரி, வெயிலில் பின்னினால் கை வியர்க்காதா? வியர்க்கும், அதை மறைக்கவில்லை. உலோக ஊசி வியர்வையில் ஒரு பக்கம் வழுக்கும், ஈரக்கை பட்ட நூலோ இன்னொரு பக்கம் நகரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மூங்கில் ஊசிக்கு மாறினேன், பாதித் தொல்லை போனது. மூங்கில் லேசாக நூலைப் பிடித்துக்கொள்ளும், கண்ணி தானாக நழுவி ஓடாது. வெயில் காலத்தில் பெரிய துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அது போர்வை போர்த்திக்கொண்டு வேலை செய்வது மாதிரி. கைகளை முதலில் பின்னுங்கள், முதுகும் மார்பும் சாயங்காலக் காற்று வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தொடையெல்லாம் வேர்க்குரு வந்த பிறகு நானே கண்டுபிடித்தது.

நூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடை வந்ததும் எல்லோரும் பருத்தி பருத்தி என்று பாய்கிறார்கள். பருத்தி நல்ல நூல்தான், உடுத்தினால் குளுமை, மறுப்பே இல்லை. ஆனால் பின்னும் கைக்கு அது கம்பளியைவிடக் கடினம். கம்பளி இழைக்கு இயல்பிலேயே சுருளும் வில்தன்மையும் உண்டு. இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பி வரும். நீங்கள் ஒரு கண்ணியை இறுக்கி அடுத்ததைத் தளர்த்திப் பின்னியிருந்தாலும் துவைத்ததும் அதுவே சமாதானம் செய்துவிடும். பருத்திக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. நீங்கள் கோபமாக இருந்த வரிசை எது, போனில் பேசிக்கொண்டே பின்னிய வரிசை எது என்று துணி முழுக்க எழுதி வைத்திருக்கும். அப்புறம் அதன் எடை. பருத்தியில் பின்னிய சட்டை தன் கனத்தாலேயே கீழே இறங்கும். இடுப்பு வரை பின்னியது ஒரு மாதத்தில் தொடை வரை வந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, அடியில் துணிக் கிளிப் நாலைந்து மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு, அதற்குப் பிறகு அளவெடுங்கள். சோம்பல்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள் பிறகு முழுச் சட்டையையும் பிரிப்பார்கள்.

பருத்தியோடு ஆளி நூல், அதாவது லினன், கலந்தது கிடைத்தால் வாங்குங்கள். ஆரம்பத்தில் சணல் கயிறு மாதிரி விறைப்பாக இருக்கும், என்னடா இது என்று தோன்றும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடும்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

இந்த மரத்தடியில்தான் பின்ன வேண்டும் என்று நான் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. வெளிச்சத்துக்காக வந்தேன். கறுப்பு, கருநீலம் போன்ற நூலை ராத்திரி விளக்கில் பின்னிப் பாருங்கள், கண்ணியா நிழலா என்றே தெரியாது. கோடையில் நீண்ட பகல், மர நிழலில் கண் கூசாத வெளிச்சம், அரை வரிசைக்கு முன்னால் செய்த தப்புகூடப் பளிச்சென்று தெரியும். வந்து உட்கார்ந்த பிறகுதான் மாமரத்துக்கும் நூலுக்கும் ஆகாது என்பது தெரிந்தது.

மூன்று கோடைகளுக்கு முன்னால், தந்த நிறத்தில் ஒரு சால்வை. முக்கால்வாசி முடிந்திருந்தது. அக்கா துரட்டியோடு வந்து, "நீ எழுந்திருக்க வேண்டாம், ஒரே ஒரு கொத்துதான்" என்றாள். கொத்து அறுந்தது, காய் பையில் விழுந்தது, காம்பிலிருந்து பீய்ச்சிய பால் சால்வையில் விழுந்தது. நாலைந்து சொட்டுத்தான். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்ததால் துடைத்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த இடமெல்லாம் பழுப்பு, ஒரு வாரத்தில் கறுப்பு. சோப்பு, எலுமிச்சை, வெயில், எதற்கும் அசையவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். துணியில் அழியாத குறி போடப் பயன்பட்டதுதான் சேராங்கொட்டை. அதன் பங்காளியிடம் எலுமிச்சைச் சாற்றைக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? 14 வரிசை பிரித்தேன். கறை பட்ட நூலை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுப்போட்டேன். அக்கா இன்றுவரை அதைத் தன் தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை, "உன்னை யார் அங்கே உட்காரச் சொன்னது" என்கிறாள். ஒரு விதத்தில் நியாயம்தான்.

அந்தப் பால் தோலில் பட்டாலும் சும்மா விடாது. சிலருக்கு வெந்தது போலக் கொப்புளம் போடும். பழத்தின் மேல் வழிந்தாலும் தோல் கருகிக் கறுப்புக் கோடு விழும். அதனால் காம்போடு சேர்த்துப் பறித்து, பிறகு காம்பை ஒடித்து, காயைக் கொஞ்ச நேரம் தலைகீழாகச் சாய்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும். இப்போது நான் பறிப்பது காலையில், பின்னுவது பிற்பகலில். இரண்டுக்கும் நடுவே கை கழுவி, துடைத்து, நகக்கண் வரை பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறேன்.

பறிப்பதைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. மரத்தை ஒரே நாளில் மொட்டையடிப்பவர்களைச் சொல்கிறேன். ஆள் வைத்து உலுக்கி, பிஞ்சு, காய், செங்காய் என்று பேதம் பார்க்காமல் அள்ளி, கூடை கூடையாக ஊருக்குக் கொடுத்துவிட்டு, "அப்பாடா, இந்த வருடத் தொல்லை முடிந்தது" என்கிறார்கள். கொடுப்பது நல்ல விஷயம்தான், ஆனால் முற்றாத காய் எவ்வளவு நாள் வைத்தாலும் சுருங்குமே தவிரச் சரியாக இனிக்காது. முற்றிய காய் மட்டும்தான் பறித்த பிறகும் தானே எத்திலீன் வாயுவைக் கக்கிக் கனியும். காம்புக்கு இருபுறமும் தோள் நன்றாகப் பருத்து மேலேறியிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். தினம் நாலு, ஆறு என்று அப்படிப் பார்த்துப் பறித்தால் மூன்று நான்கு வாரம் பழம் சாப்பிடலாம். மரம் எவ்வளவு பாடுபட்டு அதைக் கொடுத்திருக்கிறது என்பதையும் கொஞ்சம் நினையுங்கள். ஒரு பூங்கொத்தில் ஆயிரம் பூவுக்கு மேல் இருக்கும், அதில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். மிச்சத்திலும் பெரும்பங்கு உதிர்ந்துபோய்க் கடைசியில் ஒன்றோ இரண்டோ காயாகும், பல கொத்துகளில் அதுவும் இருக்காது. சில மரங்கள் ஒரு வருடம் கொட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் கையை விரித்துவிடும். எங்கள் மரமும் அந்த ஜாதிதான். போன வருடம் அள்ள முடியவில்லை, இந்த வருடம் எண்ணிவிடலாம் போல இருக்கிறது, அதிலும் அணிலுக்குப் போக மிச்சம்தான் நமக்கு.

எறும்பை மறந்துவிட்டேன். பழக்கிண்ணமும் நூல் பையும் ஒரே ஸ்டூலில் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் எறும்பு நூல் பைக்குள் குடித்தனம் வந்துவிடும். நூல்கண்டை மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூடியில் ஒரு ஓட்டை போட்டு நூலை வெளியே எடுங்கள். கிண்ணத்தை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள். பழத்தை முள்கரண்டியால் சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முழங்கை வரை வழிந்தால்தான் அது மாம்பழம். நாலு வரிசைக்கு ஒரு துண்டு என்று எல்லாம் முயன்று பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கை கழுவி வருவதற்குள் வரிசைக் கணக்கு மறந்துவிடுகிறது. இப்போது பத்து வரிசை முடித்துவிட்டு முழுப் பழமாகவே சாப்பிடுகிறேன்.

இந்த வருடம் ஒரு விபரீத ஆசை வந்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறோமே, ஸ்வெட்டரின் மார்பில் ஒரு மாங்காய் டிசைன் போட்டால் என்ன? கட்டம் போட்ட தாளில் அழகாக வரைந்தேன், வளைந்த நுனி, உள்ளே ஒரு பூ. அக்காவே பாராட்டினாள். பின்னி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால், யாரோ மேலிருந்து மிதித்த மாதிரி மாங்காய் குட்டையாகிக் கிடக்கிறது. மேலே கொடுத்த கணக்கிலேயே பதில் இருந்தது. 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணி, அதே உயரத்துக்கு 28 வரிசை. அப்படியென்றால் ஒவ்வொரு கண்ணியும் அகலம் கூடுதல், உயரம் குறைவு. தாளில் இருக்கும் கட்டமோ சரிசதுரம். வரைந்த உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கும் குறைவாகத்தான் துணியில் வரும். இவ்வளவு வருடம் பின்னியும் இது எனக்கு உறைக்கவில்லை. "முந்திரிப் பருப்பு நன்றாக வந்திருக்கிறது" என்றாள் அக்கா. முந்திரியும் அதே குடும்பம்தானே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

பிரிப்பதா விடுவதா என்று இரண்டு நாளாக யோசனை. பிரித்தால் 40 வரிசை போகும். வலது கை இன்னும் தொடங்கவே இல்லை. பழமும் உச்சிக் கிளையில் ஏழோ எட்டோதான் மிச்சம், அதற்குத் துரட்டி எட்டாது, தானாக விழுந்தால்தான் உண்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அணில் இறங்குவதற்குள் போய்ப் பார்க்கிறேன்.