கடற்கரைப் பிள்ளைக்குக் கடற்கரையில் வகுப்பு வேண்டும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் காலை எட்டரை மணிக்கு ரோட்டில் நின்றால் வேன் வேனாக எல்கேஜி பிள்ளைகள் போவதைப் பார்க்கலாம். மூன்றரை வயது, நான்கு வயது. பலருக்கு வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் கடல். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அறையில் உட்கார வைத்து, சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டி 'ஃபிஷ்' என்று சொல்லச் சொல்கிறோம். சூடை எது, காரல் எது, நெத்திலி எது என்று பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை அது. எனக்கு மனது ஆறவே இல்லை.

நான் கேட்பது இதுதான். அங்கன்வாடியோ தனியார் நர்சரியோ, ஆறு வயதுக்கு உட்பட்ட நம் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரமாவது வெளியில் வகுப்பு நடக்கட்டும். மணலில், பனை நிழலில், பூவரச மரத்தடியில். வருஷத்துக்கு ஒரு தடவை போகிற டூர் போதாது.

இது வெளிநாட்டு ஃபேஷன் என்று சிலர் சொல்வார்கள். டென்மார்க்கில் 1950களிலேயே சின்னப் பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குள் கூட்டிப்போய் வளர்க்கும் பள்ளிகள் வந்துவிட்டன, ஜெர்மனியில் மழையிலும் பனியிலும் இன்றைக்கும் நடக்கின்றன, எல்லாம் உண்மை. ஆனால் நம் நாட்டுக் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1945இல் தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கடலோர ஊரில் பாலர் கல்வி வேலையைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததால், பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். பிறகு பக்கத்தில் கோஸ்பாட் என்ற ஊரில், மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு எடுத்தார்கள். நம் அங்கன்வாடிக்கு முன்னோடி அந்த வேலைதான். அப்புறம் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால்தானே அ, ஆ எழுதினார்கள்? நமக்கு மணல் ஊர் முழுக்கக் கிடக்கிறது.

கரையில் அப்படி என்ன பாடம் என்று கேட்கிறவர்கள், அரியமான் மாதிரி ஓர் இடத்தில் கடல் வற்றியிருக்கும் காலை நேரத்தில் போய்க் குனிந்து பாருங்கள். மிளகு அளவில் மணல் உருண்டைகள், ஒரு சின்ன வளையைச் சுற்றிக் கோடு கோடாகப் பரவிக் கிடக்கும். விரல் நகம் அளவு நண்டு ஒன்று மணலை வாயில் எடுத்து, அதில் இருக்கும் இரையைச் சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளிய தடம் அது. நம் நிழல் பட்டதும் உள்ளே ஓடிவிடும். அசையாமல் இருந்தால்தான் மறுபடி வெளியே வரும். வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அதுவாகவே கேள்வி கேட்கிறது: "அது ஏன் உருட்டுது? அம்மா நண்டு எங்க?" எந்த வளை பெரிசு, எதைச் சுற்றி உருண்டை அதிகம் என்று பார்க்கிறது. கணக்கும் பேச்சும் பொறுமையும் அங்கேயே வந்துவிடுகின்றன.

இன்னொரு விஷயம், கண். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்து, மூன்று ஆண்டுகள் கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வெளியே போன பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. போகாதவர்களில் அது சுமார் 40 சதவீதம். சோறு ஊட்டக் கையில் போனைக் கொடுக்கிற வீடுகள் இங்கேயும் பெருகிவிட்டன.

பயம் நியாயமானதுதான். கடல் கடல்தான். அதனால் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, கயிறு கட்டி எல்லை வைக்க வேண்டும், பெரியவர்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். பாம்பன் தீவில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகரைக்கும் வாடைக் காலத்தில் தென்கரைக்கும் போகலாம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஓலைக் கொட்டகையே போதும். கடலைவிட எனக்குப் பெரிய கவலை கரையில் கிடப்பவை: உடைந்த பாட்டில், அறுந்த நைலான் வலை, தூண்டில் முள், மலம். இதில் ஒன்றைக்கூடக் கடல் உண்டாக்கவில்லை. நாம் போட்டவை, நாம்தான் அள்ள வேண்டும்.

யார் கூட்டிப்போவது? ஓர் அங்கன்வாடி டீச்சர், ஓர் உதவியாளர். சமையல், பதிவேடு, எடை பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். இன்னும் வேலை ஏற்றுவது அநியாயம். நம் ஊரில் கடற்பாசி எடுக்கும் அக்காமார்கள் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி அறுத்து வளர்ந்தவர்கள். எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும், எந்தச் சங்கைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். உயிருள்ள கூம்புச் சங்கு விஷமுள்ளால் கொட்டும் என்பதைப் படித்தவர்களில் எத்தனை பேர் அறிவோம்? வயதாகிக் கடலில் இறங்க முடியாதவர்களில் ஒருவரை ஊருக்கு ஒருவராகச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். அவர்கள் அறிவுக்கு மரியாதையாகவும் இருக்கும்.

"என் பிள்ளை கடலுக்குப் போகக் கூடாதுன்னுதான் படிக்க வைக்கிறேன்" என்று சொல்லும் தாய்மார்களின் வலி எனக்குத் தெரியும். கடன், குறைந்துபோன மீன்பாடு, இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் பயம். அவர்களோடு வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் நான்கு வயதில் நண்டு வளையைப் பார்த்த பிள்ளை மீன்பிடிக்கத்தான் போகும் என்று ஏன் நினைக்க வேண்டும்? பார்ப்பது, கேட்பது, பிரித்து அடுக்குவது எல்லாம் டாக்டருக்குப் படிக்கவும் வேண்டியவைதானே, அக்கா. பிறந்த இடத்தைப் பற்றி வெட்கப்பட மட்டும் அந்த வயதில் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு தீர்மானம் கேட்போம். அங்கன்வாடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரையைச் சுத்தமாக்கி ஓலைக் கொட்டகை போட வேண்டும், பிள்ளைகளோடு போக ஊர்ப் பெண் ஒருவரை அமர்த்த வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் யார் மனு எழுதுவதாக இருந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.