வாசலை விடுங்கள்

புதுச்சேரி டூமாஸ் வீதியில் குடியிருக்கிறோம். கடல் இரண்டு நிமிட நடை. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் குழந்தைகளின் கையைப் பிடிக்காமலே நடக்கவிடலாம். பாரதி பூங்காவும் பக்கம்தான். இந்த ஊரை விட எனக்கு மனசே வராது.

ஆனால் ஞாயிறு காலையில் என் வீட்டுக் கதவை என்னால் திறக்க முடியவில்லை. திறந்தால் படியில் ஒரு கல்யாண ஜோடி. "அக்கா, ரெண்டே நிமிஷம், உள்ளேயே இருங்க" என்கிறார் படம் எடுப்பவர். பால் வாங்கப் போக வேண்டும் ஐயா! அந்த ரெண்டு நிமிஷம் அரை மணி நேரம் ஆகிறது. அப்புறம் அடுத்த ஜோடி.

காலை மடக்கிச் சுவரில் ஊன்றிச் சாய்வதுதான் எல்லோருக்கும் பிடித்த போஸ். பொங்கலுக்கு அடித்த மஞ்சள் சுண்ணாம்பில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகச் செருப்புத் தடம். காகிதப்பூக் கிளையை ஒடித்துக் கூந்தலில் வைக்கிறார்கள். போட்ட கோலம் எட்டு மணிக்குள் கலைந்துவிடுகிறது.

எதிர் வீட்டுப் பாட்டி தெரு ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டார். கம்பி வழியாகக் கேமராவை உள்ளே நீட்டுகிறார்களாம். கடல் காற்றுக்காக வைத்த ஜன்னல் அது.