லிஃப்ட் போட்டாலும் டயர் உரசும் தம்பி

மஹிந்திரா தார் வண்டிக்கு "ரெண்டு இன்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை உயர்த்துற கிட்) போட்டாச்சுன்னா 285 மி.மீ. அகல டயர் எங்கயும் உரசாது"ன்னு சொல்றீங்க தம்பி. அது தப்பு. இதை நம்பி யாரும் காசைக் கொட்டிடக் கூடாது.

லிஃப்ட் இடைவெளி குடுக்கிறது வண்டி சும்மா நிக்கும்போதுதான். பம்ப் ஸ்டாப்பையும் (சஸ்பென்ஷன் ஒரு அளவுக்கு மேல அமுங்காம தடுக்கிற கட்டை) மாத்தலைன்னா, பள்ளத்துல சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே ஏறி வரும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது உரசுறது டயரோட அகலம், உயரம், வீல் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ள, வெளிய தள்ளி உக்காருதுங்கிற அளவு) இதையெல்லாம் பொறுத்தது. நான் பெங்களூரு ஜே.சி. ரோடு கடையில மாட்டிட்டு வந்த அன்னைக்கே, எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சாய்வுல திரும்புறப்போ 'கர்ர்'னு சத்தம். இறங்கி டார்ச் அடிச்சுப் பார்த்தா ஃபெண்டர் லைனர் (சக்கரத்துக்கு மேல உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பு) ஓரம் பளபளன்னு தேய்ஞ்சு கிடந்தது.

தார்ல 255/65 ஆர்18 சைஸ் டயரைக் கழட்டி 285/65 ஆர்18 போட்டா விட்டம் 39 மி.மீ. கூடும், தரையிலேர்ந்து ஏறுறது அதுல பாதிதான். முன்னாடி 100 கி.மீ. வேகத்துல போன இடத்துல இப்போ 105 போகும், மீட்டர் பழைய கணக்கையே காட்டும். நைஸ் ரோடு மாதிரி எக்ஸ்பிரஸ்வேல போறவங்க இதைக் கவனிங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டயரை மாட்டி, அந்தச் சக்கரத்தைத் திண்டு மேல ஏத்தி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் ஒடிச்சுக் காட்டச் சொல்லுங்க.