பழி எழுத்துருவின் மேல் இல்லை

டைம்ஸ் நியூ ரோமன் என்ற ஆங்கில எழுத்துரு நெருக்கமாக இருக்கிறது, கண்ணை உறுத்துகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, அது எதற்காகப் பிறந்தது? லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழின் ஒடுங்கிய பத்திகளுக்காக அச்செழுத்து வல்லுநர் ஸ்டான்லி மாரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்தது, 1932-இல் அச்சேறியது. வரிக்கு நிறைய சொற்கள் அடங்க வேண்டும் என்பதால் எழுத்துகள் ஒல்லி. a, e, x போன்ற சிறிய எழுத்துகளுக்கு உயரம் அதிகம், அதனால் பொடி அளவிலும் படிக்க முடிகிறது. அதையே ஏ4 தாளில் ஓரத்திலிருந்து ஓரம்வரை, வரி இடைவெளியும் விடாமல் ஓட்டினால் கண் அடுத்த வரியைத் தவறவிடத்தான் செய்யும். வரியைக் குறுக்கி, இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், பக்கமே மாறிவிடும். அப்புறம், நாவல் போன்ற நீண்ட வாசிப்புக்கு என் தேர்வு கேரமாண்ட் என்ற எழுத்துருதான். அதில் சிறிய 'e' எழுத்தின் கண், அதாவது உள்ளே மூடிய வெளி, அத்தனை சின்னது. எழுத்துக் கோடுகளின் முனையில் நீளும் சிறு கீற்றுகளான செரிஃப் நுனிகளில்கூடப் பேனா ஓடிய வளைவு தெரியும்.