ஆவணியில் எண்ணினால் அப்படித்தான் தெரியும்
யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவில் கோடையில் காட்டுக்குதிரைகளைப் பெருங்கூட்டமாகக் காண முடிவதால் அவை பெருகிவிட்டன என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆடி, ஆவணியில் தரவை என்கிற புல்வெளியில் உள்ள கேணிகள் வற்றிப்போக, எஞ்சிய தண்ணீரைத் தேடித்தான் அவை ஒரே இடத்தில் குவிகின்றன. ஐப்பசி மழை விழுந்ததும் சிதறிவிடும். பருவம் பார்க்காமல் எடுத்த கணக்கை வைத்து ஒரு முடிவும் சொல்லேலாது. நான் அங்கே பிறந்து வளர்ந்தவள். தொட்டியில் தண்ணி வார்த்தால் மாடுகள்தான் முதலில் முண்டியடிக்கும். தாய்க்குதிரை ஒதுங்கி நிற்கும், அதற்கும் பின்னால் விலா எலும்பு தெரிய குட்டி. வனவிலங்கு உயிரியலாளர் பார்க்க வேண்டியது இதைத்தான்: இடுப்பெலும்பு எவ்வளவு துருத்துகிறது, எத்தனை குட்டிகள் அடுத்த மாரியைக் காண்கின்றன, மேய்ச்சலில் மாடுகளுக்குப் போக என்ன மிஞ்சுகிறது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் குதிரைகளை வள்ளத்தில் ஏற்றிப் பெருநிலத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். புங்குடுதீவில் உள்ள குறிகாட்டுவான் இறங்குதுறைக்குச் சனம் போய் வாறதே பெரும்பாடு. கொண்டுபோனாலும் அவை வீதியில் கட்டாக்காலியாய்த்தான் அலையும். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தால் போதுமா? கோடைக்கு முன்னம் கேணிகளைத் தூர்வாருங்கள், குதிரைகளுக்கென்று தனித் தொட்டி கட்டுங்கள், பிறகு எண்ணுங்கள்.