ரோலை நீங்களே கழுவுங்கள்

ஃபிலிம் கேமராவை ஆசையாக வாங்கி, 36 படத்தையும் பார்த்துப் பார்த்து எடுத்து, ரோலை லேபில் கொடுத்துவிட்டு ஸ்கேன் மட்டும் வாங்கிக்கொள்ளும் நண்பர்களுக்காக இது. நெகட்டிவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கருப்பு வெள்ளை ரோல் என்றால் லேபுக்கே போக வேண்டாம், வீட்டிலேயே கழுவிவிடலாம், அதாவது டெவலப் செய்துவிடலாம்.

ஸ்கேனர் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும். 2 ஸ்டாப் குறைவாக, அதாவது வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்கில் எடுத்த படத்தையும் மென்பொருள் வெளிச்சமாக்கித் தரும். நிழல் பகுதி சாம்பல் பூத்து, மணல் தூவியது போல வரும். அதைத்தான் 'ஃபிலிம் லுக்' என்று பலர் ரசிக்கிறார்கள். அது ஃபிலிமின் குணம் அல்ல, வெளிச்சம் போதாத நெகட்டிவ்.

நெகட்டிவை ஒளிரும் வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அதில் எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் கருப்பாகவும் நிழல் வெளிறியும் தெரியும். ஓரத்து எண்கள் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை, கழுவினால்தான் தெரியும். அவை நல்ல கருப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால், எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை. எண்களும் சேர்ந்து வெளிறியிருந்தால் கழுவியதில் குறை. எண்ணே இல்லாமல் முழுக்கத் தெளிவாக இருந்தால் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) செத்துவிட்டது, அல்லது ஃபிக்ஸரை (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) முதலில் ஊற்றியாயிற்று. எண் இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லையென்றால் ரோல் கேமராவுக்குள் நகரவே இல்லை. (அடுத்த முறை தொய்வை எடுத்துவிட்டு லீவரைத் தள்ளும்போது, ரீவைண்ட் பிடியும் சுற்றுகிறதா என்று கவனியுங்கள்.)

கழுவத் தனி இருட்டறை தேவையில்லை. ஃபிலிமை ரீல் என்ற சுருள் சட்டத்தில் சுற்றி, ஒளி புகாத டேங்கில் வைத்து மூடும்வரைதான் இருட்டு வேண்டும். ஆனால் அது முழு இருட்டு. சிவப்பு விளக்கு பிரிண்ட் தாளுக்குத்தான், ஃபிலிமுக்கு ஆகாது. ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். வீணான ரோல் ஒன்றை வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடி, கை பழகும்வரை சுற்றிப் பாருங்கள்.

இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ரோலை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400-ல் எடுத்திருந்தால், ஐடி-11 டெவலப்பர் 1+1, 20 டிகிரியில் 13 நிமிடம். பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. வேண்டும், 150 டெவலப்பர், 150 தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். தண்ணீர் 24 டிகிரி என்றால் ஏறத்தாழ 9 நிமிடம் போதும். முதல் 10 விநாடியில் 4 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே 4 முறை. ஒவ்வொரு தடவையும் டேங்கைத் தட்டி வையுங்கள். தட்டாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிய இடமெல்லாம் வட்டப் புள்ளியாகிவிடும். வேகமாகக் குலுக்கினால் ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளை ஒட்டிக் கோடு கோடாக விழும். அடுத்து டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், அதன் பின் 1+4 ரேப்பிட் ஃபிக்ஸரில் 5 நிமிடம். பால் போல மங்கலாக வந்தால் பதற வேண்டாம், புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் தெளிந்துவிடும். அலச ஓடும் தண்ணீர் வேண்டாம்: டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், அடுத்து 10, அடுத்து 20. தூசியில்லாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததும் நிழலை முதலில் பாருங்கள். அங்கே ஒன்றுமே பதியவில்லையா? அடுத்த ரோலுக்கு கேமராவின் ஒளி மீட்டரை ஐஎஸ்ஓ 200-ல் வையுங்கள். கழுவும் நேரத்தை நீட்டுவதால் நிழல் திரும்பி வராது. நிழல் நன்றாக இருந்து வானமும் வெள்ளைச் சட்டையும் மட்டும் கட்டிக் கருப்பாக இருந்தால், மீட்டரைத் தொடாமல் கழுவும் நேரத்தில் 15 சதவீதம் குறையுங்கள்.