1848இல் முடிந்துவிட்ட பணி அல்ல

"சுவிட்சர்லாந்தில் 1848ஆம் ஆண்டிலேயே மக்களாட்சி முழுமை பெற்றுவிட்டது" என்று ஒருவர் குறிப்பிட்டிருப்பது சரியன்று. அந்த ஆண்டின் அரசமைப்பு வாக்குரிமையை ஆண்களுக்கு மட்டுமே தந்தது. பெண்களுக்கும் அதை வழங்கும் யோசனையை 1959ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அந்த ஆண்களே தோற்கடித்தனர். கூட்டாட்சி அளவில் அது நிறைவேறியது 1971இல்தான். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்திலோ, ஆண்கள் இடுப்பில் வாளுடன் திறந்தவெளியில் கூடி, கைதூக்கி வாக்களித்தார்கள். அந்த வாளே வாக்குரிமைக்குச் சான்றாகவும் கொள்ளப்பட்டது. 1990இலும் அக்கூட்டம் பெண்களை ஏற்க மறுத்ததால், அதே ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. நேரடி மக்களாட்சி என்று எல்லோரும் மெச்சும் அந்தக் கைதூக்கும் முறையே மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை வெளியே நிறுத்தியிருந்தது. நாட்டுச் சட்டம் மாறிய பின்னும், குடிமகன் என்றால் வாள் தரித்த ஆண் என்ற பழக்கம் அங்கே மேலும் 19 ஆண்டுகள் அசையவில்லை.